பழைய பாடி, புது என்ஜின்: புஸ்வாணத்துக்குத் திறந்த கதவு அம்பாசிடருக்கு ஏன் திறக்கல?

இன்னைக்கு எபிசோட் வண்டியைப் பத்தி. ஷோரூம் வண்டி இல்ல. வெளியில பாத்தா தாத்தா காலத்து வண்டி. பானெட்டைத் தூக்கினா வேற என்ஜின், வேற கியர்பாக்ஸ், வேற பிரேக். வீட்டு ஷெட்டுலயோ தெருமுனை ஒர்க்‌ஷாப்லயோ கட்டினது. அமெரிக்காவுல இதுக்கு 'ஹாட் ராட்'னு பேரு. நம்ம ஊர்ல தனியா ஒரு பேர் கிடையாது. மெக்கானிக்கைக் கேட்டா "என்ஜின் மாத்தின வண்டி"ம்பாரு, அவ்வளவுதான்.

பேர் இல்லைங்கிறதுக்காக வரலாறு இல்லாமப் போயிடாது. அந்த வரலாறு மதுரை, கோவை, சோழவரம், திருவொற்றியூர்னு சுத்தி, கடைசில சிவகாசியில ஒரு கேள்வியா வந்து நிக்குது. முதல்ல அமெரிக்காவுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்.

காய்ஞ்ச ஏரியில ஒரு பந்தயம்

1932-ல ஃபோர்டு கம்பெனி, சாதாரண ஆளுங்க வாங்குற விலையில வி8 என்ஜின் வெச்ச காரைக் கொண்டு வந்துச்சு. 65 ஹார்ஸ் பவர். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். சில வருஷத்துல இந்தக் கார்கள் செகண்ட் ஹேண்டா கலிஃபோர்னியா இளைஞர்கள் கைக்கு வந்துச்சு. அவங்க மட்கார்டு, பம்பர்னு தேவையில்லாததை எல்லாம் கழட்டிப் போட்டாங்க. எடை குறைஞ்சா வேகம் கூடும், கணக்கு அவ்வளவுதான். ஓட்டிப் பாக்க மியூராக் மாதிரியான காய்ஞ்ச ஏரிப் படுகைகள் இருந்துச்சு. 1937-ல இதுக்குன்னு ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. 1948 ஜனவரியில 'ஹாட் ராட்'ங்கிற பேர்லயே பத்திரிகை வந்தாச்சு. 1950-ல சாண்டா ஆனா விமான ஓடுபாதையில பந்தயம் தொடங்குச்சு.

1955-ல செவர்லே, கையடக்கமான ஒரு புது வி8 என்ஜினைக் கொண்டு வந்துச்சு. அதுக்கப்புறம் ஃபோர்டு பாடிக்குள்ள செவர்லே என்ஜின்ங்கிறது சர்வ சாதாரணம். இன்னைக்கு 1932 மாடல் அச்சுல புதுசா செஞ்ச பாடியே விலைக்குக் கிடைக்குது. அதுக்குள்ள டிஸ்க் பிரேக், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், ஏ.சி. எல்லாம் போகுது. தோற்றம் மட்டும்தான் பழசு.

அங்க வேகம், இங்க செலவு

நம்ம பக்கம் கதை வேற மாதிரி. இங்க வண்டியை மாத்தினவங்க முக்கால்வாசிப் பேரு வேகத்துக்காக மாத்தல. எரிபொருள் கட்டுப்படியாகணும்னு மாத்தினாங்க.

இரண்டாம் உலகப் போர்ல பெட்ரோலுக்கு ரேஷன் வந்துச்சு. பஸ் ஓடணுமே? மதுரை டி.வி.எஸ். நிறுவனம் 'கேஸ் பிளான்ட்'னு ஒண்ணைத் தயாரிச்சு வித்தது. வண்டியோட ஒரு பெரிய உருளை. உள்ள கரி. காத்தை அளவா விட்டு எரிச்சா, கரி முழுசா எரியாம கார்பன் மோனாக்சைடு வரும். அதை வடிகட்டி, ஆறவெச்சு என்ஜினுக்குள்ள அனுப்பினா, பெட்ரோல் இடத்துல அது எரியும். இழுவை குறையும்தான். ஆனா பஸ் ஓடுச்சு. அதே பழைய பஸ், எரிபொருள் மட்டும் வேற. மதுரை பக்கத்துல ஹாட் ராடுக்கு ஒரு பாட்டி இருந்தா, அது இந்தக் கரி பஸ்தான்.

கோவையில ஜி.டி. நாயுடு. இளவயசுல ஒரு வெள்ளைக்கார அதிகாரிகிட்ட இருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரிச்சு, திரும்ப மாட்டித்தான் இயந்திரம் கத்துக்கிட்டார்னு சொல்லுவாங்க. 1952-ல ரெண்டு பேர் உட்கார்ற ஒரு பெட்ரோல் காரையே செஞ்சு காட்டினார். அடக்க விலை சுமார் 2,000 ரூபாய். தயாரிக்க அரசு லைசென்ஸ் கிடைக்கல, திட்டம் அதோட நின்னுபோச்சு. இதை மனசுல வெச்சுக்குங்க. 'செய்யத் தெரியும், அனுமதி இல்ல'ங்கிற இந்தக் கதை திரும்ப வரும்.

வேகத்துக்காக மாத்தினவங்களும் இருந்தாங்க. அவங்களுக்கு ஏரிப் படுகை கிடைக்கல, சோழவரம் கிடைச்சுது. சென்னைக்கு வடக்கே, போர்க்காலத்துல போட்ட விமான ஓடுபாதை. 1953-ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாச்சு. பல வருஷம் அந்த ஓடுபாதையில ஃபியட்டும் அம்பாசிடரும் உறுமிச்சு. காம்பவுண்டுக்குள்ள ஓட்டுறதால மாத்திக் கட்டின வண்டிக்கு அங்க மரியாதை. கோவை கரிவர்தன் 1980-களோட கடைசில மாருதி 800-ஓட மூணு சிலிண்டர் என்ஜினை வெச்சு ஒத்தை சீட்டு ரேஸ் கார்களைக் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. 1995-ல விமான விபத்துல இறந்துட்டார். செட்டிபாளையம் டிராக் இன்னைக்கும் அவர் பேர்லதான் இருக்கு.

ரோட்டுல ஓடின ஹாட் ராடுகள்

ரோட்டுக்கு வருவோம். அம்பாசிடர் 1957-ல வந்துச்சு, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரோட வார்ப்பு. பெட்ரோல் என்ஜின். பாடி இரும்பு மாதிரி, ஆனா குடிக்கிற பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாது. டீசல் விலை கம்மியா இருந்த காலத்துல, டாக்ஸிக்காரங்க மெட்டடார் வேனோட டீசல் என்ஜினை எடுத்து அம்பாசிடருக்குள்ள இறக்கினாங்க. என்ஜின் மவுன்ட்டை வெட்டி வெல்டு வெக்கிறது, கியர்பாக்ஸைச் சேர்க்கிறது, புரொபெல்லர் ஷாஃப்டை அளவெடுத்துக் குறைக்கிறது எல்லாமே லேத் பட்டறை வேலை. வரைபடம் கிடையாது, கண்ணளவுதான்.

புல்லட்டுலயும் இது நடந்துச்சு. சின்ன டீசல் என்ஜினை புல்லட் ஃப்ரேம்ல மாட்டினாங்க. கிணத்து மேட்டுல ஆயில் என்ஜின் ஓட்டிப் பழகின கரிசல் காட்டு ஆளுக்கு அந்தச் சத்தம் புதுசு இல்லையே! கம்பெனிக்கும் இது புரிஞ்சுது. திருவொற்றியூர் தொழிற்சாலையில இருந்தே 325 சிசி டீசல் புல்லட் 'டாரஸ்' வெளிய வந்துச்சு.

அப்புறம் 2009-ல ராயல் என்ஃபீல்டு 'கிளாசிக்' இந்தியாவுக்கு வந்துச்சு. பாத்தா 1950-கள் வண்டி. உள்ள புத்தம் புது என்ஜின், 500-ல ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், முன்னாடி டிஸ்க் பிரேக். யோசிச்சுப் பாருங்க, இது தொழிற்சாலையே கட்டிக் கொடுத்த ஹாட் ராட் இல்லையா? கம்பெனி செஞ்சா 'ரெட்ரோ'. நீங்க வீட்டுல செஞ்சா?

சட்டம் என்ன சொல்லுது

வீட்டுல செஞ்சா குற்றம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-ஆவது பிரிவு, முதல்ல அனுமதி வாங்கி மாத்தலாம்ங்கிற வடிவத்துல இருந்துச்சு. 2000-ல திருத்தினாங்க. ஆர்.சி.-யில இருக்கிற விவரம், தயாரிப்பாளர் முதல்ல கொடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தவே கூடாதுன்னு ஆச்சு. 2019 ஜனவரியில, கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. விதிவிலக்கு உண்டு: அங்கீகரிச்ச சி.என்.ஜி. கிட், எலெக்ட்ரிக் கிட் மாதிரி.

2021-ல இன்னொரு விதி வந்துச்சு. 50 வருஷம் தாண்டின வண்டியை 'வின்டேஜ்'னு பதிவு பண்ணி, 'விஏ'ன்னு நம்பர் பிளேட் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனா சேஸி, பாடி, என்ஜின் எதுலயும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் கூடாது.

ஆக, 1960-கள் அம்பாசிடர் அப்படியே இருந்தா பாரம்பரியம். அதே வண்டியில புது என்ஜினும் நல்ல பிரேக்கும் போட்டா, அது வின்டேஜும் இல்ல, ரோட்டுக்கான வண்டியும் இல்ல.

இதுல சட்டத்து பக்கமும் நியாயம் இருக்கு. வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்காகும். பழைய அம்பாசிடருக்கு நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். அந்த பிரேக்கை நம்பி, முன்பக்கம் கனமான என்ஜினை இறக்கி நெடுஞ்சாலையில விட்டா, எதிர்ல வர்றவர் உயிரும் சேர்த்துத்தான் பணயம். மைலேஜுக்காக மாத்தினவங்க பலரும் பிரேக்கைக் கடைசியாத்தான் நினைச்சாங்க.

சிவகாசி சொல்ற வழி

'என் ஷெட்டு, என் இஷ்டம்'ங்கிற பேச்சுக்கு இடமே இல்லாத ஊர் சிவகாசி. மருந்துக் கலவை அறையில எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம்னு எல்லாத்துக்கும் கணக்கு. அந்தக் கணக்கு தப்பினா என்ன ஆகும்னு 2012 செப்டம்பர் 5-ல முதலிப்பட்டியில பாத்தோம். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர் போச்சு.

அதே ஊர்லதான் பழைய தோற்றம், புது உள்ளடக்கம்ங்கிற விஷயம் சட்டப்படி நடந்துச்சு. 2018 அக்டோபர் 23-ல உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்களுக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழி விட்டுச்சு. நாக்பூர்ல இருக்கிற நீரி ஆய்வகம் புது ஃபார்முலா கொடுத்துச்சு. உற்பத்தியாளர்கள் ஒப்பந்தம் போட்டு வாங்கினாங்க. புகைத்தூசி சுமார் 30 சதவீதம் குறையணும்ங்கிறது இலக்கு. நம்ம கையில இருக்கிற புஸ்வாணம் அதே கூம்பு, அதே திரி. உள்ள இருக்கிற மருந்து மட்டும் வேற.

இதனால எல்லாம் சரியாகிடலை. பேரியம் இல்லாம தொழில் பண்ண முடியலன்னு புலம்பல் இருக்கு, பசுமைப் பட்டாசுலயும் போலி இருக்கு, விபத்தும் நிக்கல. ஆனா ஒரு கதவு இருக்கு: பழசை மாத்தணுமா? கொண்டு வா, சோதிக்கிறோம், தேறினா முத்திரை போடுறோம்.

வண்டிக்கு ஜெர்மனியில அந்தக் கதவு இருக்கு. அங்க மாத்தின வண்டியை எடுத்துட்டுப் போனா, டி.யூ.வி. பொறியாளர் பிரேக்கு, ஸ்டியரிங், புகைன்னு சோதிச்சு, தேறினா ஆவணத்துலயே அந்த மாற்றத்தைப் பதியறாங்க. நம்ம லேத் பட்டறைக்காரருக்குக் கைத்திறமை குறைவில்ல. அதைச் சோதிச்சுப் பாத்து ஆமா இல்லன்னு சொல்ல ஒரு இடம்தான் இல்ல. அந்த இடம் இல்லாததால வேலை நிக்கல, மறைவுக்குப் போகுது. மறைவுல நடக்கிற வேலையில பிரேக்கை யார் பாக்குறாங்க?

வீட்டுல தாத்தாவோட அம்பாசிடரோ பழைய புல்லட்டோ நின்னா, ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி ஆர்.சி.-யை எடுத்துப் படிங்க. என்ன என்ஜின், என்ன எரிபொருள், எந்த வருஷம்னு பாருங்க. அப்புறம் முதல் செலவை இருக்கிற பிரேக்கைச் சரி பண்ண வெச்சுக்குங்க. அதுக்கு இன்னைக்கும் யார் அனுமதியும் தேவையில்ல.