போபர்ஸ் முதல் தனுஷ் வரை: ஒரு பீரங்கிக்காக 33 ஆண்டுகள்

போபர்ஸ் என்று சொன்னால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பீரங்கி அல்ல, கமிஷன். 64 கோடி ரூபாய் என்ற கணக்கு டீக்கடை பெஞ்சு முதல் நாடாளுமன்றம் வரை அடிபட்ட காலம் அது. ஆனால் அந்தப் பீரங்கி எப்படிப்பட்டது, அந்த விவகாரத்துக்குப் பிறகு நமது ராணுவத்தின் பீரங்கிப் படை என்ன பாடுபட்டது என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அதைத்தான் இன்று எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். பத்திரிகைகளில் '155 மி.மீ., 39 காலிபர்' என்று போடுவார்கள். 155 மில்லிமீட்டர் என்பது குழல் வாயின் உள்விட்டம். காலிபர் என்பது குழலின் நீளம், அந்த விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு. 39 காலிபர் என்றால் குழல் ஏறத்தாழ 6 மீட்டர். 45 என்றால் 7 மீட்டர். 52 என்றால் 8 மீட்டர். குழல் நீண்டால் வெடிமருந்தின் அழுத்தம் குண்டைக் கூடுதல் நேரம் தள்ளும், குண்டு தொலைவாகப் போகும். ஒரு குண்டு 45 கிலோ அளவுக்கு இருக்கும். ஒரு சிறு மூட்டை நெல்லை 30 கிலோமீட்டருக்கு அப்பால் குறிபார்த்து எறிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1980களின் தொடக்கத்தில் நம்மிடம் இருந்தவை சோவியத் நாட்டின் 130 மி.மீ. பீரங்கிகளும், நாமே செய்த 105 மி.மீ. பீரங்கிகளும். 130 மி.மீ. பீரங்கிகளில் சிலவற்றை ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கியின் அடிப்பாகத்தில் ஏற்றி ஓடவிட்டும் பார்த்தோம். பாகிஸ்தானிடமோ அமெரிக்காவின் 155 மி.மீ. பீரங்கிகள் வந்துவிட்டன. கூடவே, பறந்து வரும் குண்டை வைத்து அது எங்கிருந்து சுடப்பட்டது என்று கண்டுபிடிக்கும் ராடாரும் வந்தது. இனி சுட்ட இடத்திலேயே நின்றால் பதிலடி நம் தலையில் விழும். சுட்டவுடன் இடம் மாற வேண்டும்.

இந்தப் போட்டியில் கடைசிவரை நின்றவை பிரான்சின் பீரங்கியும் ஸ்வீடனின் போபர்ஸும். ஆரம்ப மதிப்பீடுகளில் பிரெஞ்சு பீரங்கிதான் முன்னால் இருந்தது. 1986 பிப்ரவரியில் ராணுவத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் நம் செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் கே. சுந்தர்ஜி. அவர் காலத்தில் போபர்ஸ் முந்தியது. அதற்குச் சொந்தமாக ஓர் எஞ்சின் உண்டு, இழுவை வண்டி இல்லாமலே கொஞ்ச தூரம் தானே நகரும், சில விநாடிகளில் மூன்று குண்டுகளை அடுத்தடுத்துச் சுடும் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். 1986 மார்ச் 24இல் 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு சுமார் 1,437 கோடி ரூபாய். உரிமம் பெற்று அதே பீரங்கியை இந்தியாவிலேயே செய்துகொள்ளவும் அதில் வழி இருந்தது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள்.

1987 ஏப்ரல் 16 அன்று ஸ்வீடன் வானொலி, இந்த ஒப்பந்தத்துக்காக லஞ்சம் கைமாறியது என்று அறிவித்தது. மறு ஆண்டு சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழில் சித்ரா சுப்பிரமணியமும் என். ராமும் ஆவணங்களோடு எழுதத் தொடங்கினார்கள். 1989 ஜூலையில் எதிர்க்கட்சி மக்களவை உறுப்பினர்கள் கூட்டமாகப் பதவி விலகினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் ராஜீவ் காந்தியின் அரசு போனது. தமிழ்நாடு மட்டும் வேறு வழியில் நடந்து, காங்கிரஸ் - அ.தி.மு.க. கூட்டணிக்கு 39இல் 38 இடங்களைக் கொடுத்தது என்பதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

வழக்கின் கதை தெரிந்ததுதான். 2004இல் ராஜீவ் மீதான லஞ்சக் குற்றச்சாட்டை டில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அப்போது அவர் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தாலிய வணிகர் குவாத்ரோச்சி இந்திய நீதிமன்றத்தில் நிற்காமலே 2013இல் காலமானார்.

தண்டனை பெற்றது யார் என்று பார்த்தால், பீரங்கிப் படைதான். போபர்ஸ் என்ற பெயரைத் தொடவே அதிகாரிகள் அஞ்சினார்கள். உதிரி பாகம் வரத்து தடைப்பட்டது. சில பீரங்கிகளைக் கழற்றி அவற்றின் பாகங்களை மற்றவற்றில் பொருத்தி ஓட்ட வேண்டிவந்தது. காசு கொடுத்து வாங்கிய வரைபடங்கள் நம் படைக்கலத் தொழிற்சாலைகளில் பெட்டிக்குள் உறங்கின. இந்தியாவில் ஒரு போபர்ஸ்கூடத் தயாராகவில்லை.

பிறகு 1999இல் கார்கில் வந்தது. மலைமுகட்டில் பதுங்கிய எதிரியைக் கீழிருந்து ஏறிப் பிடிக்க வேண்டும். மேலே இருப்பவனுக்கு ஏறி வருபவன் தெளிவாகத் தெரிவான். முகட்டில் இடைவிடாமல் குண்டு விழுந்து, அவன் தலைதூக்க முடியாமல் இருந்தால்தான் நம் வீரன் ஏற முடியும். அந்த வேலையைச் செய்தவற்றில் முதலிடம் போபர்ஸுக்குத்தான். அந்தப் போரில் நம் பீரங்கிப் படை இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் பயன்படுத்தியது. டைகர் ஹில்லைப் பிடித்த நாளில் மட்டும் 9,000 குண்டுகள். சுந்தர்ஜி இதைப் பார்க்கவில்லை. போருக்கு மூன்று மாதம் முன்பு, அந்த ஆண்டு பிப்ரவரியில், அவர் காலமாகியிருந்தார்.

கார்கிலுக்குப் பிறகாவது வேகம் பிடித்திருக்கும் என்றுதானே நினைப்போம்? திட்டம் என்னவோ பெரிதாகத்தான் போட்டார்கள். ஏறத்தாழ 3,000 பீரங்கிகள், எல்லாமே 155 மி.மீ. ஆனால் டெண்டர் விடுவதும், சோதனை நடத்துவதும், ரத்து செய்வதுமாக ஆண்டுகள் ஓடின. தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனம் 2005இல் ஒதுக்கப்பட்டது. 2012இல் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றும் ஜெர்மனியின் ரைன்மெட்டல் குழும நிறுவனம் ஒன்றும் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தன. உலகில் நல்ல பீரங்கி செய்பவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒவ்வொருவராக அடித்துவிட்டால் மிச்சம் யார்?

அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இதன் உள்விவகாரம் புரியும். கையெழுத்துப் போட்டவர்மீது விசாரணை வரும். 'மேலும் விளக்கம் தேவை' என்று எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்பியவர் நிம்மதியாக ஓய்வூதியம் வாங்குவார். தாமதத்துக்காக யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏறியதில்லை.

கடைசியில் பெட்டிக்குள் இருந்த அந்த வரைபடங்களே கைகொடுத்தன. அவற்றை வைத்து, குழலை 45 காலிபராக நீட்டி, ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் உருவானதுதான் தனுஷ். அதுவும் சுலபமாக வந்துவிடவில்லை. 2013இல் சோதனையில் குழல் வெடித்தது. 2017இல் குண்டு குழல் முனையில் உரசிப் பழுதாக்கியது. அதே ஆண்டு, ஜெர்மன் தயாரிப்பு என்று சொல்லிச் சீன பேரிங்குகளைத் தலையில் கட்டியதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. இந்த முறை ஒரு நல்லது நடந்தது. வழக்கு அதன் வழியில் போனது, பீரங்கி வேலை அதன் வழியில் நடந்தது. 2019 ஏப்ரல் 8 அன்று முதல் ஆறு தனுஷ் பீரங்கிகள் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. போபர்ஸ் 27 கிலோமீட்டர் சுட்டது, தனுஷ் 38 கிலோமீட்டர் சுடும். மொத்த ஆர்டர் 114.

அதன் பிறகு மற்றவையும் வந்து சேர்ந்தன. ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு மலைக்குக் கொண்டுபோகக்கூடிய, நாலேகால் டன் எடையே உள்ள அமெரிக்க எம்-777 பீரங்கிகள் 145. தென்கொரிய வடிவமைப்பில் குஜராத்தின் ஹசிராவில் எல் அண்ட் டி செய்த, டாங்கி போல ஓடும் வஜ்ரா 100. அதன்மேல் இன்னொரு 100க்கு 2024 டிசம்பரில் ஒப்பந்தமாயிற்று. முழுக்க நம் நாட்டிலேயே வடிவமைத்த 52 காலிபர் பீரங்கி ஒன்றை டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வகம், பாரத் போர்ஜ், டாடா நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கியது. 2020இல் பொக்ரானில் அதன் குழலும் வெடித்துச் சிலர் காயமடைந்தார்கள். திட்டத்தை யாரும் மூட்டை கட்டவில்லை. 2022 சுதந்திர தினத்தன்று செங்கோட்டையில் மரியாதை வேட்டு முழங்கியது அந்தப் பீரங்கிதான். அதுவரை அங்கே முழங்கியவை வெள்ளைக்காரன் காலத்துப் பீரங்கிகள். 2025 மார்ச்சில் 307 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது.

லஞ்சத்தைத் தோண்டி எடுத்தவர்கள் செய்தது சரியான வேலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திருட்டு நடந்த வீட்டில் திருடனைத் தேட வேண்டும். நாம் திருடனையும் பிடிக்கவில்லை, வீட்டையும் பூட்டிவிட்டோம். விலை கொடுத்தது யார் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போபர்ஸ் ஒப்பந்தமான 1986இல் 19 வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்த ஒரு சிப்பாய், கார்கிலில் போரிட்டு, பதவி உயர்ந்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருப்பார். தனுஷ் வந்த நாளில் அவருக்கு வயது 52. அதற்குள் அவர் மகனுக்கும் படையில் சேரும் வயது வந்திருக்கும்.