தூரிகை பிடித்த சுரங்கத் தொழிலாளர்: ஆஷிங்டன் ஓவியக் குழு

இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் நகருக்கு வடக்கே நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் அமைந்த ஆஷிங்டன், நிலக்கரியை நம்பி எழுந்து, உலகின் மிகப் பெரிய சுரங்கச் சிற்றூர் என்று பேர் பெற்ற ஊராகும். அங்கே பிறந்த ஆண்பிள்ளைகளில் பெரும்பாலோர் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினர் என்பதால், விடுபட்ட கல்வியை வளர்ந்த பிறகு தேடிக்கொள்ளும் வழக்கமும் அவ்வூரில் வேரூன்றியிருந்தது. 1903இல் தொடங்கப்பட்டு, உழைக்கும் மக்களுக்கு மாலை வகுப்புகள் நடத்திவந்த தொழிலாளர் கல்விக் கழகத்தின் ஆஷிங்டன் கிளையினர், உயிர்களின் பரிணாமக் கொள்கையைப் பயின்று முடித்தபின், அடுத்த பாடமாக ஓவியக் கலையைத் தேர்ந்தனர்.

1934இன் இறுதியில் அவ்வகுப்பை நடத்த வந்தவர், நியூகாசிலின் ஆம்ஸ்டிராங் கல்லூரியில் ஓவியம் கற்பித்த ராபர்ட் லயன் என்பவர். மறுமலர்ச்சிக் கால ஓவியங்களின் நிழற்படங்களைத் திரையில் காட்டி விளக்கும் வழக்கமான முறையையே அவரும் முதலில் கையாண்டார். ஆனால் மாணவர்கள் கேட்க விரும்பியது ஓவியர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை அன்று, ஓர் ஓவியத்தின் பொருளை எப்படி அறிவது என்பதையே. மூல ஓவியங்களை அருகில் கண்டிராதவர்களுக்கு அதனைச் சொல்லால் மட்டும் உணர்த்த இயலாது என்று கண்ட லயன், அவர்களையே செய்துபார்க்கும்படி சொன்னார். லினோலியம் என்னும் தரைவிரிப்புப் பொருளில் உருவத்தைச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றியெடுக்கும் அச்சுமுறையை முதலில் பழகி, அங்கிருந்து அவர்கள் வண்ணத்துக்கு நகர்ந்தனர்.

இங்கே கவனிக்கத்தக்கது, இவர்களில் எவரும் ஓவியராகும் நோக்கத்துடன் வகுப்பில் சேரவில்லை என்பது. பிறர் வரைந்ததைப் புரிந்துகொள்ளும் வழியாகவே வரைதல் அறிமுகமானது. வரைவதன் இன்பம் அந்த வழியில் நடக்கும்போது தேடாமலே கிட்டியது. லயன் வாரந்தோறும் ‘பெருவெள்ளம்’, ‘துறவி’ போன்ற தலைப்புகளைக் கொடுக்க, அவர்கள் வேலை முடிந்தபின் வீட்டில் வரைந்து கொண்டுவந்து, வகுப்பில் மாட்டிவைத்து, அனைவருமாக ஆராய்ந்தனர். கித்தானுக்கு மாறாக ஒட்டுப்பலகையும் அட்டையும், விலையுயர்ந்த எண்ணெய் வண்ணங்களுக்கு மாறாக வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பூச்சும் அவர்களுக்குப் பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன.

விரைவிலேயே கற்பனைத் தலைப்புகளை விட்டு, தாம் நன்கறிந்த வாழ்க்கையை அவர்கள் வரையலாயினர். 1904இல் பிறந்து பதின்மூன்றாம் வயதில் சுரங்கத்தில் இறங்கிய ஆலிவர் கில்போர்ன், பழந்துணிக் கிழிசல்களைச் சாக்குத் துணியில் குத்திச் செருகி விரிப்புச் செய்யும் வீட்டு வேலையையும் வரைந்தார், நிலத்தடியில் கரி வெட்டும் வேலையையும் வரைந்தார். ஜிம்மி ஃபிளாய்ட், தொழிலாளர் வளர்த்த பந்தயப் புறாக்களின் கூடுகளை வரைந்தார். முறையான பயிற்சி பெறாதவர் எனினும் இவர்களை முற்றிலும் தன்போக்கில் வரைந்தவர்கள் என்று கூற இயலாது. ஏனெனில் ஒவ்வொரு படமும், அதிலுள்ள வேலையைத் தாமே செய்துவந்த தோழர்களின் கண்ணுக்கும் கேள்விக்கும் உட்பட்டது, அத்தகையோர் முன்னிலையில் கருவியையோ உடல்நிலையையோ பிழையாக வரைந்துவிட்டுத் தப்ப வழியில்லை.

கலைப் புரவலரான ஹெலன் சதர்லண்டின் உதவியால் குழுவினர் 1936இல் லண்டன் சென்று, மூல ஓவியங்களைக் காட்சியகங்களில் நேரில் கண்டனர். அதே ஆண்டில் அவர்களது முதல் கண்காட்சி நியூகாசிலின் ஹேட்டன் காட்சிக்கூடத்தில் நடைபெற்றது. 1938இல் கேட்ஸ்ஹெட்டில் நடந்த ‘தொழில்முறை சாராத ஓவியம்’ என்னும் கண்காட்சியிலும் அவர்களின் படைப்புகள் இடம்பெற்றன. புகழ் வந்தபோதிலும் பெரும்பாலோர் பிழைப்புத் தொழிலை விட்டு விலகவில்லை. சிறந்தவை எனத் தாம் கூடி முடிவுசெய்த படங்களைக் குழுவின் பொதுச் சேகரிப்பில் வைத்துக் காத்தனர்.

1942இல் லயன் எடின்பரோ கலைக் கல்லூரியின் முதல்வராகச் சென்ற பின்னும் குழு கலையவில்லை. ஆசிரியரைச் சார்ந்து தொடங்கிய வகுப்பு, ஆசிரியரின்றி நாற்பதாண்டுகளுக்கு மேல் நீடித்து, 1984இல்தான் முடிவுற்றது. அதற்கு நான்காண்டுகள் முன்னதாக அவர்களது படங்கள் சீனாவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. 1988இல் ஆஷிங்டன் சுரங்கமும் மூடப்பட்டது. அப்பொதுச் சேகரிப்பு இப்போது, 1981இல் மூடப்பட்ட அண்டைச் சுரங்கமாகிய வுட்ஹார்னில் அமைந்துள்ள அருங்காட்சியகத்தில் உள்ளது.

முதிர்ந்த வயதில் கலையைத் தொடங்குவோரிடம் இயல்பாகவே மறைந்திருந்த திறமை வெளிப்படுவதாகக் கூறும் விளக்கம் ஆஷிங்டன் வரலாற்றுக்கு முழுவதும் பொருந்தாது. அங்கே நாட்டத்தை உண்டாக்கியது செய்துபார்த்ததே. அதை நீடிக்கச் செய்தவை, வாரந்தவறாது கூடிய கூட்டமும், ஒளிவுமறைவற்ற விமர்சனமும், வயிற்றுப்பாட்டுக்கு ஓவியத்தை எதிர்பார்க்க வேண்டியிராத நிலையுமே ஆகும்.