சிற்றாற்றுக் கரையில் உயிலில்லா ஆஸ்தி

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே சிற்றாறு பாயும் வயல்வெளியில் ஓட்டு வீடு ஒன்றும் சில மரக்கால் விதைப்பாடு நன்செயும் உடைய குடியானவன் உயில் எழுதாமல் கண்மூடினால், அவன் ஆஸ்தி யாரைச் சேரும் என்ற வினா சட்டநூல்களில் அதிகமாக இடம்பெற்றதில்லை. அண்டையிலுள்ள சிவகிரி ஜமீனின் கடன் வழக்கு 1882-இல் பிரிவி கௌன்ஸிலில் தீர்ந்து பிரமாணமாக நிலைத்துவிட்டது. சிற்றுடைமைகளின் சரித்திரமோ கிராமக் கணக்கில் பெயர் மாறியதோடு மறைந்தது. ஆயினும் வாரிசுச் சட்டத்தின் தாமதங்களை மிகுதியும் சுமந்தவர்கள் இச்சிறு குடும்பங்களின் ஸ்திரீகளே என்பது என் துணிபு.

இந்து தர்மசாஸ்திர உரையான மிதாக்ஷரத்தைப் பிரமாணமாகக் கொண்ட சென்னை மாகாணத்தில், பாகம் பிரியாத குடும்பத்தில் ஒருவன் இறந்தால் அவன் பங்கு எஞ்சிய ஆண் பங்காளிகளிடமே தங்கும். மனைவிக்கு ஜீவனாம்சம் மட்டுமே. பாகம் பிரிந்தபின் புத்திர சந்தானமின்றி இறந்தவனின் மனைவி ஆஸ்தியை அடைந்தாள் எனினும், தக்க அவசியமின்றி விற்கவோ ஒற்றி வைக்கவோ இயலாமல், தனக்குப்பின் வரும் தாயாதிகளுக்காகக் காவலிருப்பவளைப்போல ஆயுட்காலம் வரை அதை அனுபவித்தாள்.

1937-ஆம் ஆண்டின் இந்து ஸ்திரீகள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்கு மகனுக்கொப்பான பங்கை, ஆயுட்கால உரிமையாகவேனும், அளித்தது. ஆனால் 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டப்படி விவசாய நிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தைச் சேர்ந்ததாகையால், மத்திய சட்டசபை இயற்றிய இச்சட்டம் மாகாணங்களிலுள்ள விவசாய நிலத்தைத் தொடாதென 1941-இல் ஃபெடரல் கோர்ட் அபிப்பிராயம் கூறிற்று. டில்லியில் அது அதிகாரப் பங்கீட்டைப் பற்றிய நுட்பமான விவகாரம். சிற்றாற்றுப் பாசனத்திலோ, வீட்டில் பங்குடைய விதவை வயலில் பங்கற்றவளாக நின்றாள். கூரை அவளுக்குண்டு, அதன்கீழ் உலையிலேறும் நெல் விளைந்த நிலம் இல்லை. ஆஸ்தியின் மதிப்பெல்லாம் நன்செயிலேயே அடங்கிய குடும்பத்தில் இத்தகைய உரிமை எவ்வளவு சொற்பமானது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. 1947-ஆம் ஆண்டின் 26-ஆவது சென்னைச் சட்டமே அவளை வரப்புக்குள் அனுமதித்தது. தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்களும் இதே தடையைக் கண்டவை: 1937-இன் ஷரியத் சட்டம் விலக்கி வைத்த விவசாய நிலத்தை 1949-இன் 18-ஆவது சென்னைச் சட்டம் அதனுள் சேர்த்தது.

தென்காசிக்கு மேற்கே சுமார் ஐந்து மைலில் உள்ள செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சம்ஸ்தானம். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெல்லையைத் தாண்டவில்லை. 1916-இல் கிறிஸ்தவர்களுக்கும், 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் என, சமூகந்தோறும் தனித்தனியே வாரிசுச் சட்டம் வகுப்பதே சம்ஸ்தானத்தின் வழக்கமாயிருந்தது. ஆகவே கொண்டு கொடுத்து வாழ்ந்த இரண்டு ஊர்களில், ஒரே தாய் வயிற்றுச் சகோதரிகள் இருவர் விதவையானால், அவரவர் புகுந்த ஊரை ஒட்டி அவரவர் உரிமையும் வேறுபட இடமிருந்தது. செங்கோட்டைத் தாலூகாவின் பெரும்பகுதி சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. மனைவி, மகன், மகள், தாய் ஆகியோரை முதல் வகுப்பு வாரிசுகளாக ஒருங்கே நிறுத்திய இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததோ அதே ஆண்டு ஜூன் 17. எல்லைக்கல் அகலுமுன் சட்டம் இரு கரையையும் ஒன்றாக்கிவிட்டது. விதவையின் வசமிருந்த ஆயுட்கால உரிமையும் அன்றே சர்வ சுதந்திர பாத்தியமாயிற்று.

பிற்காலத்தைச் சுருங்கச் சொல்லலாம். 1989-இல் தமிழ்நாடும் 2005-இல் பாராளுமன்றமும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளைப் பங்காளியாக்கின. இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களை வசூலிக்க, 1889-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்துசேர்ந்த கோர்ட்டுச் சான்றிதழ் உண்டு. ஆனால் பட்டா மாறுதலுக்குத் தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழையே சிறு குடும்பங்கள் நாடுகின்றன. அதில் மகளின் பெயரும் தவறாமல் ஏறுகிறது. அதன்பின் சகோதரருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லப்படும் மகள்களின் வரலாறு இன்னும் ஆராயப்பட வேண்டியிருக்கிறது. அதற்குரிய ஆதாரங்கள் அப்பத்திரங்களிலேயே இருக்கின்றன.