கம்பெனி மறுத்த பாட்டு: மார்வின் கேயும் நாகூர் ஹனிபாவும்

சோல் இசையை 'ஆன்ம இசை' என்று மொழிபெயர்த்துவிட்டு நம்ம ஆட்கள் அத்தோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள். ஆன்மா கிடக்கட்டும். கறுப்பினத் தேவாலயத்தில் பழகிய தொண்டை, கடவுளை நோக்கிய அதே கதறலோடு காதலை, கூலியை, தெருவைப் பாடத் தொடங்கியதன் பெயர்தான் சோல். வழிபாட்டுக் குரல் வெளியே வந்தபோது அதை யார் தடுத்தார்கள், அது எதுவரை போயிற்று என்பதே இங்கே என் அக்கறை.

மார்வின் கே ஒரு போதகரின் மகன். அவர் பாடிய மோடவுன் கம்பெனி, கார் நகரமான டெட்ராய்டில் இருந்தது. அதன் முதலாளி பெர்ரி கோர்டி கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாட்டையும் அதே வரிசை உற்பத்தி முறையில் செய்யலாம் என்று கண்டவர். மூணு நிமிஷம், காதல், அடுத்த பாட்டு. 1970இல் மார்வின் கே, 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்ற பாட்டோடு வந்தார். கோர்டி அதை விரும்பவில்லை. இதை வெளியிடும்வரை வேறெதுவும் பதிவு செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார் பாடகர். 1971 ஜனவரியில் தட்டு வந்தது, விற்றுத் தீர்ந்தது. உடனே முழு ஆல்பம் கேட்டார்கள். மே மாதம் அதுவும் வந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய தம்பி, போதை, வேலையின்மை, மீனில் ஏறிய பாதரசம் எல்லாம் அதில் உண்டு, கடவுளும் உண்டு. பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாமல் ஒன்று மற்றொன்றுக்குள் வழிந்து போகிறது. முறையீடு எங்கே முடிகிறது, பிரார்த்தனை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது.

பேரணாம்பட்டில் வளர்ந்த எனக்கு இந்த மறுப்புக் கதை புதுசில்லை. நோன்பு மாதத்திலும் தேர்தல் மாதத்திலும் எங்கள் தெரு மைக் செட்டில் கேட்டது ஒரே குரல்தான்: நாகூர் ஈ.எம். ஹனிபா (1925–2015). 1950களில் அவர் அண்ணாவைப் பற்றிய பாட்டைப் பதிவு செய்யப் போனபோது எச்.எம்.வி. கம்பெனி கட்சிப் பாட்டெல்லாம் ஆகாது என்றதாம். அப்படியானால் இஸ்லாமியப் பாட்டும் கிடையாது என்று இவர் சொல்ல, கம்பெனி இறங்கி வந்ததாம். பரவலாகச் சொல்லப்படுகிற கதை. டெட்ராய்டுக்குப் பதினைந்து வருஷம் முந்தி.

ஆனால் ஒப்பீடு இங்கேயே முறிகிறது. ஹனிபாவிடம் மார்க்கம் ஒரு தட்டு, கட்சி இன்னொரு தட்டு. மார்வின் கேயிடம் நடந்த கலப்பு, நான் கேட்ட ஹனிபா பாடல்களில் நடக்கவில்லை. குரல் ஒன்றுதான், மேடை இரண்டு. அதைப் பாடகரின் குறையாகச் சொல்வது சோம்பேறித்தனம். மைக் செட்டுக்குப் பணம் கொடுத்தது யார்? எங்கள் பக்கத்தில் தோல் ஷாப்பு முதலாளிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஏழை முஸ்லிம்களும் உண்டு. மார்வின் கேயின் வசைக்கு எதிரே இருந்தது வெள்ளை அரசு. இங்கே ஆற்றைப் பற்றிப் பாடினால், ரெக்கார்டு வாங்கிய வீட்டையே சுட்டியாக வேண்டும்.

1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கடிவாளம் போட்டது. ஆவாரம்பட்டை பின்வாங்கியது, குரோமியம் பெருகியது. பாதரசத்தைப் பாடிய தட்டும் பாலாற்றில் குரோமியமும் ஏறக்குறைய சமகாலத்தவை. நம் பக்கம் இந்த முறையீட்டைக் கடைசியில் எடுத்துச் சொன்னது பாட்டு இல்லை, வழக்கு. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 28.8.1996 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ கெட்டதைப் பதிவு செய்கிறது. ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று கணக்கும் சொல்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய தீர்ப்பு. மைக் செட்டில் போட முடியாது.

2002இல் வாணியம்பாடி இடைத்தேர்தலில் தி.மு.க. வேட்பாளராக நின்றவர் ஹனிபாதான். எழுபத்தாறு வயது. பாலாற்றங்கரைத் தொகுதி, தோல் தொகுதி. அ.தி.மு.க. ஜெயித்தது.