பேய்க்கும் அம்மனுக்கும் நடுவில்: செஞ்சிக்கோட்டையில் காலாண்டு விடுமுறை

காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் செஞ்சிக்கோட்டைக்குப் போனால் ராஜகிரி அடிவாரத்தில் நல்ல கூட்டம் இருக்கும். தூக்குவாளியில் புளிசாதம் கட்டி வந்த குடும்பங்கள், குரங்குக்குப் பயந்து பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட பாட்டிகள், கல்யாண மஹாலைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுக்கும் சித்தப்பாக்கள். பிள்ளைகளிடம் நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சு, ஆங்கிலேயர் என்று ஆண்ட வரிசையைச் சொன்னால் பாதியில் கொட்டாவி வந்துவிடும். அவர்களுக்கு வேண்டியது வேறு. “இங்க பேய் இருக்கா?” பழைய கோட்டை எதுவானாலும் உலகம் முழுக்கப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான் போலிருக்கிறது.

இங்கிலாந்தில் அந்தக் கேள்வியை வைத்து ஒரு விடுமுறைத் தொழிலே நடக்கிறது. அங்கே அக்டோபர் கடைசியை ஒட்டிப் பள்ளிகளுக்கு ஒரு வாரம் லீவு. ஹாலோவீனும் அதை ஒட்டியே வரும். பழைய கோட்டைகளில் குடும்பங்களுக்காகப் பேய்நடை, பூசணிக்காய் செதுக்குதல், வேஷப்போட்டி என்று ஏற்பாடு செய்வார்கள். தலை வெட்டுப்பட்ட ராணியின் ஆவி உலாவும் மாடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, மிட்டாய் கொடுத்து அனுப்புவார்கள். இப்போது அது பழைய மகாபலிபுரம் சாலை அபார்ட்மெண்டுகளுக்கும் வந்துவிட்டது. எங்கள் ஐ.டி. ஆபீஸ்களில் ஹெச்.ஆர். இரண்டு வாரம் முன்பே மெயில் போட்டுவிடுகிறார்கள். தீபாவளிக்கு வேட்டி, ஹாலோவீனுக்கு எலும்புக்கூடு டீ-ஷர்ட்.

“இதெல்லாம் நம்ம கலாச்சாரமா?” என்று வாட்ஸாப் குழுக்களில் வருடாவருடம் சண்டை நடக்கும். சண்டை போடுகிறவர்கள் அந்தப் பண்டிகை எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் பார்த்தால் சூடு கொஞ்சம் தணியும்.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை ‘சௌவின்’ என்று கொண்டாடினார்கள். அன்றிரவு இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவில் உள்ள கதவு திறந்துகொள்ளும் என்பது நம்பிக்கை. கிறிஸ்தவம் அங்கே வேரூன்றிய பிறகு நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் நாளானது. அடுத்த நாள் இறந்த எல்லா ஆத்மாக்களுக்கும் உரியதானது. புனிதர்களின் நாளுக்கு முந்தைய மாலைதான் ஹாலோவீன். ஏழைகள் வீடு வீடாகப் போய், அந்தந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்வதாகச் சொல்லி, சிறிய கேக்குகளை வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். 1840களில் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா போன ஐரிஷ்காரர்களுக்கு அங்கே பூசணி தாராளமாகக் கிடைத்தது. மற்றதை அமெரிக்க மிட்டாய்க் கம்பெனிகள் பார்த்துக்கொண்டன.

அந்தப் பண்டிகையின் மற்றொரு பாதி தமிழ்நாட்டுக்கு வந்து பல தலைமுறை ஆகிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் தாத்தா கல்லறை மேல் ஏறி விளையாடும். யாரும் அதட்டுவதில்லை.

இந்துக் குடும்பங்களுக்கும் இறந்தவர்களுக்கான காலம் ஏறக்குறைய இதே பருவத்தில்தான் வருகிறது. புரட்டாசியில் மகாளய பட்சம். பதினைந்து நாள் முன்னோர்கள் வீடு தேடி வருவதாக நம்பிக்கை. 2024இல் மகாளய அமாவாசை அக்டோபர் 2ஆம் தேதி, காலாண்டு விடுமுறைக்குள்ளேயே வந்தது. காலையில் எள்ளும் தண்ணீரும் இறைத்து, காக்காவுக்குச் சோறு வைத்து, மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிய குடும்பங்கள் அந்த வருடம் நிறைய இருந்திருக்கும்.

செஞ்சியைப் பொறுத்தவரை, வேஷமும் சுடுகாடும் சேர்ந்த கொண்டாட்டம் வேண்டுமென்றால் அயர்லாந்து வரை போகத் தேவையில்லை. சுமார் இருபது கிலோமீட்டரில் மேல்மலையனூர். அங்காளம்மன் கோவில். பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய சிவன் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டது. அவர் பிச்சை வாங்கிய சோற்றையெல்லாம் அதுவே தின்றது. அம்மன் மயானத்தில் சோற்றை இறைத்தாள். ருசி கண்ட கபாலம் கையைவிட்டு இறங்கியதும் விஸ்வரூபம் எடுத்து அதை மிதித்தாள். இதுதான் தலபுராணம். மாசியில் சிவராத்திரிக்கு அடுத்து வரும் மயானக் கொள்ளையில் அந்தக் கதை வருடாவருடம் மறுபடி நடக்கிறது. முகத்தில் நீலமும் சிவப்பும் பூசிக் காளிவேஷம் கட்டியவர்கள் ஆடிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போவார்கள். தானியம், காய்கறி, சுண்டல், சில்லறைக்காசு எல்லாவற்றையும் சூறை விடுவார்கள். விழுந்ததைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் ஜனங்கள் வீட்டில் வைப்பார்கள், விதையோடு கலப்பார்கள். சுடுகாட்டில் விழுந்தது அன்றைக்கு மட்டும் பிரசாதம். கைக்குழந்தையை அம்மன் காலடியில் கிடத்தி வாங்கிப் போகிறவர்களும் உண்டு.

இதைப் பயம் காட்டும் விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது. ஹாலோவீனில் செத்தவர்கள் ஒரு ராத்திரி வந்து பயமுறுத்திவிட்டுப் போவார்கள். மலையனூரில் உயிரோடு இருப்பவர்கள் அவர்கள் இடத்துக்குப் போய்ச் சாப்பாடு போட்டு, அங்கிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

இனி கோட்டைக்குள் வரலாம். பேய்நடைக்கு அங்கே பொருத்தமான இடம் ஒன்று உண்டு, ‘கைதிக் கிணறு’. பாறைமேல் நிற்கும் பெரிய குண்டுக்கல். உச்சியில் வட்டமாகச் செங்கல் சுவர். நடுவில் இயற்கையாகவே அமைந்த பொந்து. மரண தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளிப் பட்டினி போட்டுச் சாகவிட்டார்கள் என்று சொல்வார்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “உள்ள எலும்பு இருக்குமா?” என்று உற்சாகமாகக் கேட்கும். பெயர் தெரியாத கைதி, தேதி தெரியாத சாவு. பயப்பட வசதியான தூரம்.

ஆனால் கோட்டைக்குள் பெயரும் தேதியும் உள்ள ஒரு சாவும் இருக்கிறது.

எட்டு வருட முற்றுகைக்குப் பிறகு 1698இல் முகலாயர் செஞ்சியைப் பிடித்தார்கள். கோட்டைப் பொறுப்பு புந்தேல்கண்டைச் சேர்ந்த சொரூப்சிங் என்ற ராஜபுத்திரருக்குப் போனது. அவர் 1714இல் இறந்ததும் மகன் தேஜ்சிங் வந்தான். தமிழ் நாக்கில் தேஜ்சிங் தேசிங்கு ஆனான். வயது இருபத்திரண்டு என்பார்கள். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பழைய கப்பப் பாக்கியைக் கேட்டார். தேசிங்கு கொடுக்க மறுத்தான். சில நூறு குதிரைவீரர்களோடு பெரும்படையை எதிர்த்துப் போனான். சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் புரண்டபோதும் குதிரையை இறக்கினான் என்கிறது கதைப்பாடல். 1714 அக்டோபர் 3ஆம் தேதி தேசிங்கு போரில் செத்தான். செஞ்சியை அவன் ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை.

நெடுங்காலம் ஆண்டவர்களுக்கும் கிடைக்காத நினைவு இவனுக்குக் கிடைத்தது. வடக்கேயிருந்து வந்த புந்தேலா பையனைத் தமிழ்க் கதைப்பாடல் சொந்தப்பிள்ளையாக எடுத்துக்கொண்டது. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து சண்டைக்கு வந்து கூடவே செத்த முஸ்லிம் நண்பன், ஆகாயத்தில் பாயும் பஞ்சகல்யாணிக் குதிரை. கூத்து, நாடகம், சந்தையில் விற்கும் குஜிலிப் பதிப்பு, கடைசியில் 1960இல் எம்.ஜி.ஆர். படம். ஜெயித்த நவாப் கோட்டைக்குள் கட்டிய மசூதி இன்றும் நிற்கிறது. ஆனால் செஞ்சி என்றதும் எல்லோர் வாயிலும் வருவது தோற்றவன் பெயர்தான். அகாலத்தில் செத்தவனை ஊர் மறப்பதில்லை.

செட்டிகுளத்தின் கரை ஓரத்தில் ஒரு மேடை இருக்கிறது. தேசிங்கின் உடலை அங்கே எரித்தார்கள் என்றும், அவனுடைய இளம் மனைவி அதே நெருப்பில் இறங்கினாள் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் போனபோது பக்கத்தில் ஒரு பெரியவர் தன் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல குரல்வளம். “புருஷன் போன பின்னாடி எனக்கென்ன உசுருன்னு, சிரிச்சிக்கினே எறங்கினா ராணி” என்று முடித்தார். என் எட்டு வயது மகள் ஒட்டுக்கேட்டுவிட்டாள்.

“அப்பா, நெருப்பு சுட்டா அந்த அக்கா ஏன் ஓடிப் போகல?”

“ஓட விட்டிருக்க மாட்டாங்கம்மா.”

“யாரு?”

சுற்றி நின்ற எல்லோரும் என்றேன். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். கைதிக் கிணற்றைப் பார்த்தபோது வந்த உற்சாகம் முகத்தில் இல்லை.

இந்த இரண்டு கதைகளையும் நாம் சொல்லும் தொனிதான் அன்றிலிருந்து என்னை அரிக்கிறது. கைதிக் கிணறு பயங்கரம், செட்டிகுளம் பெருமை. முதலாவதை “ஊ…” என்று குரலை இழுத்துச் சொல்கிறோம். இரண்டாவதைக் கற்பு, வீரம், தியாகம் என்று கைகூப்பிச் சொல்கிறோம். இரண்டு இடத்திலும் நடந்ததாகச் சொல்லப்படுவது ஒன்றுதான்: தப்பிக்க வழியில்லாத ஒரு மனிதரைச் சாகவிட்டார்கள். அவள் விரும்பித்தான் இறங்கினாள் என்று கதை சொல்கிறது. கதை சொன்னவர்களில் யாரும் அவளைக் கேட்டவர்கள் இல்லை.

அவள் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் உள்ள ராணிப்பேட்டை அவள் நினைவாக நவாப் வைத்த பெயர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 2019இல் அது தனி மாவட்டமும் ஆகிவிட்டது. ஒரு மாவட்டமே அவள் நினைவில் என்றாலும், அதில் இருப்பது பதவி மட்டும்தான். ராணிபாய் என்று சிலர் எழுதுகிறார்கள். அதுவும் ‘ராணியம்மா’ என்று கூப்பிடுவது மாதிரிதான்.

வட தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு இது புதிதில்லை. தீயில் பாய்ந்த பெண்களுக்குத் ‘தீப்பாஞ்ச அம்மன்’ என்று கோவில்கள் இருக்கின்றன. பல வீடுகளில் ‘பூவாடைக்காரி’ கும்பிடுகிறார்கள். குடும்பத்தில் அகாலமாகச் செத்துப்போன கன்னிப்பெண்ணோ சுமங்கலியோதான் பூவாடைக்காரி. கல்யாணம் வைத்தால் முதலில் அவளுக்குப் புதுப்புடவை, பூ, படையல். அழைத்தால் வருவாள், யாராவது ஒரு அத்தை மேல் இறங்குவாள், குறை சொல்லி அழுவாள். வீடே சமாதானம் சொல்லும். செத்தவளைப் பேயாகத் துரத்தாமல் வீட்டுக்குள் கூட்டிவந்து புடவை கொடுக்கிற இந்த மனசு பெரிய மனசு. பேய்நடை நடத்தும் எந்தக் கோட்டையிலும் அதைப் பார்க்க முடியாது.

ஆனால் அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அவள் அம்மன் ஆனவுடன் அவளைச் சாகடித்தது யார் என்ற கேள்வி நின்றுவிடுகிறது. தெய்வத்திடம் வரம் கேட்கலாம், மன்னிப்பும் கேட்கலாம். விசாரணை நடத்த முடியாது. பேய்க்கதையிலும் அப்படித்தான். ஆவியைக் கண்டு அலறுகிறவன் அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று கேட்பதில்லை. பேய்க்கும் அம்மனுக்கும் நடுவில் சாகப் பயந்த ஒரு இளம்பெண் நின்றிருப்பாள். அவளைத்தான் இரண்டு பக்கமும் விட்டுவிடுகிறோம்.

உடன்கட்டைக்கு வங்காளத்தில் 1829இல் தடை வந்தது. அடுத்த வருடம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. செட்டிகுளத்து நெருப்புக்கு நூற்றுப்பதினாறு வருடம் பிந்தி வந்த சட்டம். அதைக் கொண்டுவரப் போராடிய ராம்மோகன் ராயின் பெயர் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பாடப்புத்தகத்தில் படித்த ‘சதி’ நாம் புளிசாதம் சாப்பிட உட்கார்ந்த குளக்கரையில் நடந்தது என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பாடம் பள்ளிக்கூடத்தில், கதை கோட்டையில்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. இனி கூட்டம் கூடும். சிவாஜி 1677இல் கோட்டையைப் பிடித்ததும், ராஜாராம் இங்கே தங்கி முகலாயரை எதிர்த்ததும் பலகைகளில் வரும். வரட்டும், நியாயமானதுதான். யாராவது ஒருநாள் குடும்பங்களுக்கான விடுமுறை நிகழ்ச்சியும் ஆரம்பிப்பார்கள். அதில் பேய்நடை வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இருட்டுக்குப் பயப்படுவதும், பயந்துகொண்டே அப்பா கையைப் பிடித்து நடப்பதும் பிள்ளைகளுக்கு வேண்டிய அனுபவம். மலையனூரில் அம்மா இடுப்பிலிருந்து காளிவேஷத்தைப் பார்த்து வீறிட்டு, பிறகு அதே காளி கையால் சுண்டல் வாங்கித் தின்னும் குழந்தைக்கு அது கிடைத்துவிடுகிறது.

செட்டிகுளத்தில் மட்டும் குரலை இழுக்கவும் வேண்டாம், கைகூப்பவும் வேண்டாம். 1714 அக்டோபரில் இங்கே ஒரு பெண்ணை எரித்தார்கள், அவளுக்கு வயது குறைவு, அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். அதற்கு மேல் கேட்க வேண்டியதை அதுவே கேட்டுக்கொள்ளும்.