கொங்சி கற்றுத்தரும் பாடம்

சீனர்களின் தொழில்நுட்ப நிறுவனங்கள் உலகச் சந்தையில் உயர்ந்து நிற்பதற்கு என்ன காரணம் என்று கேட்டால், "வியாபாரம் அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது" என்று சொல்லிவிடுகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அதற்கு நமது ஜொகூர் மாநிலமே சாட்சி.

1844-ஆம் ஆண்டுவாக்கில் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம், ஆற்றங்கரை நிலங்களைத் திருத்திப் பயிரிட 'சூராட் சுங்கை' என்னும் உரிமைப் பத்திரங்களை வழங்கினார். பத்திரம் பெற்றவர் 'காங்சூ', அதாவது துறைத் தலைவர். சிங்கப்பூரிலிருந்து வந்த சீனர்கள், குறிப்பாகத் தியோசியூ பிரிவினர், காட்டை அழித்து மிளகும் காம்பிரும் பயிரிட்டனர். தோல் பதனிடக் காம்பிருக்கு அப்போது நல்ல கிராக்கி இருந்தது.

இதற்கு வேண்டிய முதல் ஒருவர் கையில் இருக்கவில்லை. பலர் பங்கு போட்டார்கள். அந்தக் கூட்டுக்குப் பெயர்தான் 'கொங்சி'. இன்று மலாய் மொழியில் பகிர்ந்துகொள்வதைக் குறிக்கும் சொல்லும் அதுவே. வங்கி இல்லாத காட்டில் ஒரே ஊர், ஒரே மொழி, சொன்ன சொல் தவறாமை ஆகியவையே பிணையாக நின்றன. ஜொகூர் பாருவின் பழைய சீனர் கோயிலில் ஐந்து மொழிப் பிரிவினரின் ஐந்து தெய்வங்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதை இன்றும் காணலாம்.

ஆனால், இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. காங்சூவின் வருமானத்தில் அபினும் சூதாட்டமும் பெரும்பங்கு வகித்தன. கூலித் தொழிலாளி கடனில் மூழ்கினான். காம்பிர் காய்ச்ச விறகுக்காகக் காடுகள் அழிந்தன. மண்ணும் வளம் இழந்தது. 1917-இல் காங்சூ முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

இந்த இரண்டு பக்கங்களையும் இன்றைய நிறுவனங்களிலும் பார்க்கிறோம். 1976-இல் தைவானில் ஏசர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டான் ஷி, 'மனித இயல்பு அடிப்படையில் நல்லது' என்ற கன்பூசிய மரபுக் கருத்தை நிர்வாகக் கொள்கையாக வைத்தார். 1987-இல் தொடங்கிய ஹுவாவேயில் ஊழியர்களுக்கே பங்கு தரும் முறை உண்டு. நிறுவனர் ரென் செங்ஃபேயின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான். அதே வேளையில், காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் வேலை வாங்கும் '996' வழக்கமும் சீனத் தொழில்நுட்பத் துறையில் வேரூன்றியது. அது சட்டவிரோதம் என்று 2021-இல் சீன உச்ச நீதிமன்றம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஆக, பண்பாடு மட்டுமே யாரையும் உயர்த்திவிடாது. நம்பிக்கையைப் பங்காகவும் பத்திரமாகவும் மாற்றும் அமைப்பு வேண்டும். அது நமக்குப் புதிதல்ல. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்களே! அது நமது கொங்சி அல்லவா?

இன்று ஜொகூரின் கூலாய், செடெனாக் பகுதிகளில் தரவு மையங்கள் எழுந்துள்ளன. அங்கே நம் பிள்ளைகள் சம்பளத்துக்கு மட்டும் போகப் போகிறார்களா, பங்கு போட்டுத் தொழில் தொடங்கவும் போகிறார்களா? பெற்றோர்களும் சங்கங்களும் இப்போதே சிந்திக்க வேண்டும்.