கெபினுக்குள் யார், பின்னால் யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

ஹட்டன், நுவரெலியா பக்கம் பழைய பிக்கப் ஒன்றைக் கண்டால் அதன் கெபினைக் கவனியுங்கள். சிலவற்றில் அது கம்பனி அனுப்பிய கெபினாக இருக்காது. பின்சுவரைப் பின்னுக்குத் தள்ளி, உள்ளே ஒரு பலகை ஆசனம் போட்டு, மரச்சட்டத்தின் மேல் தகரம் அடித்திருப்பார்கள். இந்த வேலைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

பிக்கப் என்பதே வீட்டில் பிறந்த வண்டிதான். அமெரிக்க விவசாயிகள் தங்கள் ஃபோர்ட் 'மொடல் டி' கார்களின் பின்பக்கம் தாங்களே மரப்பெட்டி பொருத்திக்கொண்டார்கள். அதைப் பார்த்துத்தான் 1925இல் ஃபோர்ட் கம்பனி, பெட்டியோடு சேர்த்தே வண்டியை விற்கத் தொடங்கியது.

நமது மலைகளில் லொறியும் பிக்கப்பும் ரயிலையே தோற்கடித்தன. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு 1904இல் சிறிய ரயில்பாதை ஒன்று ஓடியது. வீதிப் போக்குவரத்தோடு போட்டி போட முடியாமல் 1940களில் அது மூடப்பட்டது. அதன்பின் தேயிலை, அரிசி, உரம், நோயாளி எல்லாமே வீதியில்தான்.

மொரிஸ் மைனர் 1948இல் வந்தது. அதன் பிக்கப் 1953இல் வந்தது. காருக்குத் தனியாக சேஸி கிடையாது, பாடியே முதுகெலும்பு. ஆனால் பிக்கப்புக்குக் கீழே தனி சேஸி உண்டு. பாரத்தை அது தாங்குவதால், கெபினை வெட்டினாலும் வண்டி மடிந்துவிடாது. கெபினை மாற்றும் துணிவு பாஸ்மாருக்கு அங்கிருந்துதான் வந்தது.

தேவை எங்கிருந்து வந்தது? 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை புது வண்டி சாமானியருக்குக் கனவு. இருந்த வண்டியையோ நமது மழையும் பனியும் தின்றன. கதவின் அடிப்பகுதி, கண்ணாடியின் மூலைகள், கால்மிதிக்குக் கீழே உள்ள தகரம் என்று துரு பிடித்தது. தகரத்தை வளைவாக அழுத்தியெடுக்கக் கம்பனிக்கு அச்சு வேண்டும், பெரிய இயந்திரம் வேண்டும். மரத்துக்கு வாளும் உளியும் போதும். ஆகவே தச்சரும் தகரவேலை பாஸும் சேர்ந்து வீட்டு முற்றத்திலேயே கெபினைக் கட்டினார்கள்.

அதில் நுட்பமும் உண்டு. வளைவு வீதியில் சேஸி முறுகும். கெபினை அதோடு இறுக்கிப் பூட்டினால் கதவு சிக்கும், கண்ணாடி வெடிக்கும். இடையில் இறப்பர் துண்டு வைக்கத் தெரிந்தவரே நல்ல பாஸ்.

ஆனால் இந்தப் பதிவை எழுத வைத்தது வேறொரு விடயம். தோட்டத்து வண்டியில் கூரைக்குக் கீழே இருந்தவர் யார்? துரை, கணக்கப்பிள்ளை, சாரதி. தொழிலாளி பின்னால், கொழுந்துச் சாக்குகளோடு நின்றார். பிரசவ வலியெடுத்த தாய்மாரைத் திறந்த லொறியில், மழையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதையை எந்த லயத்திலும் கேட்கலாம். சாமான் ஏற்றும் இடத்தைக் குறைத்து, பின்சுவரை ஒன்றரை அடி தள்ளி ஆசனம் போடுவது வெறும் அலங்காரம் அல்ல. இன்னும் இரண்டு பேரை மழையிலிருந்து உள்ளே எடுப்பதுதான் அது. வண்டி சொந்தமானதும் நம்மவர்கள் முதலில் மாற்றியது எஞ்சினை அல்ல, இருக்கையை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாட்டைத் தாங்கியது பழைய வண்டிகளும், அவற்றைத் திருத்தத் தெரிந்த கைகளும்தான்.

இன்று யாராவது கெபினை மாற்றுவதாக இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, வாகனப் புத்தகத்திலும் பதிந்துகொள்ளுங்கள். ஆசனம் கூடினால் பட்டியும் கூட வேண்டும்.

தோட்டங்களின் வரலாற்றில் துரைமாரின் பெயர் இருக்கிறது, பங்களாவின் படம் இருக்கிறது. முற்றத்தில் கெபின் கட்டிய பாஸின் பெயர் எங்கும் இல்லை. உங்கள் வீட்டில் அப்படியொரு வண்டியின் பழைய போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பின்பக்கத்தில், அதைக் கட்டியவரின் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நமது பிள்ளைகள் படிக்க வேண்டிய பாடம் அது.